யார் ஊட்டிய கொழுப்பு?

குழந்தைகளின் உடற்பருமனைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் தோழர்கள் பலருக்குச் சிரிப்புதான் வரும். “நம்ம புள்ளைங்க எலும்பும் தோலுமாத் திரியுதுங்க. பணக்காரன் வீட்டுப் புள்ள குண்டாப் போனா நமக்கென்ன?” என்பார்கள். நியாயமான கேள்விதான். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியிருக்கிறது. நூற்றுக்கு 57 குழந்தைகளுக்கு இரத்தச்சோகை. பசி போய்விடவில்லை.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். குன்றிய பிள்ளையும் பருத்த தாயும் ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். சில வீடுகளில் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில் உடற்பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் மெலிவை முந்தியது இதுவே முதல் முறை. நம் நாட்டில் இன்னும் இது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம்தான் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் இந்த நோய் மேலே தொடங்கிக் கீழே இறங்குவது. அமெரிக்காவில் இன்று அது அதிகமாகப் பிடித்திருப்பது கறுப்பினக் குழந்தைகளையும் லத்தீன் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும்தான். இங்கே அது சேரிக்குள் வந்து உட்கார்ந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால், அதற்குள் குற்றப்பத்திரிகையை யார் பேரில் எழுதுவது என்று முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

யார் பேரில் எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. ‘கொழுப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அது உடம்பில் சேரும் நிணத்தை மட்டும் குறிப்பதல்ல. கூலி கூட்டிக் கேட்டவனைப் பார்த்து, செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தவனைப் பார்த்து, சட்டையில் மடிப்புக் கலையாமல் கல்லூரிக்குப் போன பையனைப் பார்த்துச் சாதி இந்துக்கள் சொன்ன சொல் அது. “பயலுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு.” “தின்னு கொழுத்துப் போய் அலையுறானுங்க.” வயிறு நிறைவதும் திமிரும் ஒன்று என்று கருதிய சமூகத்தின் மொழி இது. பட்டினி கிடப்பவன் அடங்கிக் கிடப்பான் என்ற பண்ணையாரின் கணக்கு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கொழுப்புக்குப் பொறுப்பு கொழுத்தவனே என்ற தீர்ப்பும் இருக்கிறது. நான் இங்கே வரலாற்றைப் பார்த்து விசாரிக்க நினைப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

1

உழைக்கிற உடம்புக்கு எவ்வளவு சோறு போதும் என்று அரசு நிறுத்துப் பார்த்த கதையிலிருந்து தொடங்கலாம். 1876-78இன் தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்குக் குறையாமல் செத்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத பண்ணையாட்களும் கூலிகளும். தானியம் நாட்டில் இல்லாமலில்லை, கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. வாங்கக் காசில்லாதவர்கள் செத்தார்கள்.

அப்போது வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், அதற்குமேல் கொஞ்சம் சில்லறை போதும் என்று 1877 சனவரியில் முடிவு செய்தார். ‘டெம்பிள் கூலி’ என்றே அதற்குப் பெயர். மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். பருப்பில்லாத வெறும் அரிசியில், அதுவும் இந்த அளவில், நாள் முழுக்க உழைக்கும் உடம்பு தேய்ந்துபோகும் என்பது அவர் வாதம். முகாம்களில் சாவு பெருகிய பிறகு சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று.

குழந்தைப் பருமனைப் பேசும் கட்டுரையில் இந்தப் பஞ்சம் எதற்கு? இரண்டு காரணம். ஒன்று, ஏழையின் தட்டில் என்ன விழவேண்டும் என்பதை ஏழை ஒருநாளும் தீர்மானித்ததில்லை. பண்ணையார் தீர்மானித்தார், பிறகு கவர்மெண்டு தீர்மானித்தது, இன்று கம்பெனியும் சேர்ந்துகொண்டது. இரண்டு, பசி செத்தவனோடு புதைக்கப்படுவதில்லை. அது தாயின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்து அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும்.

2

1944-45 குளிர்காலத்தில் செர்மன் நாஜிப் படை ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் அடைத்தது. சில மாதங்கள் கடும் பட்டினி. அப்போது கருவிலிருந்த பிள்ளைகள் 19 வயதில் ராணுவப் பதிவுக்கு வந்தபோது எடுத்த அளவுகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். சுமார் மூன்று லட்சம் பேரின் கணக்கு; 1976இல் வெளிவந்தது. கருவின் முதல் பாதியில் பட்டினிக்கு ஆட்பட்டவர்களிடம் பிற்காலத்தில் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. பட்டினி கிடந்த தாயின் பிள்ளை மெலிவாகத்தானே இருக்கவேண்டும்? பருமனாக எப்படி?

வயிற்றுக்குள் இருக்கும் கரு, தாயின் உடம்பு வழியாக வெளியுலகத்தை மோப்பம் பிடிக்கிறது. அங்கே பஞ்சம் என்று தெரிந்தால் கிடைத்ததைச் சேமித்து வைக்கும்படி தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பிறந்த பிறகும் பஞ்சமே நீடித்தால் அந்தத் தயாரிப்பு உயிரைக் காக்கும். ஆனால் மலிவான மாவும் சர்க்கரையும் எண்ணெயும் நிறைந்த உலகத்துக்குள் அந்தப் பிள்ளை வந்து விழுந்தால், சேமிக்கக் கற்ற உடம்பு சேமித்துக்கொண்டே போகிறது.

இதை நம் பக்கத்தில் காட்டியவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக். பூனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்ட அவரது குழுவின் ஆய்வு 2003இல் வந்தது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. கையும் காலும் வயிறும் இங்கே சூம்பியிருந்தன. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சதை இல்லை, கொழுப்பு இருக்கிறது. ‘மெலிந்த கொழுத்த குழந்தை’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். பார்வைக்கு நோஞ்சான், உள்ளே பார்த்தால் சர்க்கரை நோய்க்கான விதை.

இதை நம் தாய்மார்களின் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். தஞ்சைத் தரணியில் தை அறுப்புக்கு முந்தைய மாதங்களில் பண்ணையாட்களின் அடுப்பில் பூனை தூங்கும். நடவுக்காலத்தில் நிறைமாதக்காரியும் சேற்றில் குனிந்துதான் நின்றாள். ஆம்பளைக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்றாள். மிஞ்சாத நாளில் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் படுத்தாள். பஞ்சம் என்று எந்தச் சர்க்கார் ஏட்டிலும் ஏறாத பஞ்சம் இது. பல தலைமுறை இப்படிக் கழிந்த பிறகு பிறக்கிற பிள்ளையின் உடம்பு, அந்தப் பிள்ளை ஒரு வாய் தின்பதற்கு முன்பே ஒரு வரலாற்றைத் தின்றிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை பத்து வயதில் பருத்தால் “வாயக் கட்டத் தெரியல” என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

1928இல் பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே தேவை, அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கவேண்டும் என்பது அவர் நிலை. கருவிலிருக்கும் பிள்ளைக்குப் பொறுப்பு தாய் மட்டுமல்ல என்பதை மருத்துவ ஆய்வுகளுக்கு அரை நூற்றாண்டு முன்பே அரசியலாகச் சொன்ன குரல் அது.

3

பிள்ளையின் வயிற்றுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 1920இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யலாம் என்றார்கள். வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அது பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக்கூடாது என்று வெள்ளை அரசு சொன்னதால் 1925இல் நின்றுபோய்ப் பிறகு மீண்டும் வந்தது. படிப்பு வேறு, சோறு வேறு என்று பிரித்துப் பார்க்கிறவன் பசியறியாதவன்.

1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1961 முதல் அமெரிக்கக் கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்தன. நான் பள்ளிக்கூடத்தில் தின்று வளர்ந்தது இந்த உப்புமாவைத்தான். எங்க தெருப் புள்ளைங்க தட்டுக்கு வரும்போது மட்டும் கரண்டி ஒரு சாண் மேலேயே நின்னுக்கும். அங்கேருந்து விழும். பாதி தட்டுல, பாதி மண்ணுல. அரசு கொடுத்த சோற்றுக்கும் எங்கள் தட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் தூரம்தான் சாதி.

1982 சூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கசானா காலியாகும் என்றும் பிள்ளைகளைப் பிச்சைக்காரர்களாக்குகிறார் என்றும் படித்தவர்கள் எழுதினார்கள். அந்தச் சோறு எத்தனை சேரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தது என்று நமக்குத் தெரியும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. பிறகு முட்டை: 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 1998இல் வாரம் ஒன்று, 2010இல் வாரத்துக்கு ஐந்து. அந்த முட்டைதான் இந்தத் திட்டத்தின் உண்மையான சத்து. டாக்டர் கார்னிஷ் 1877இல் கேட்ட புரதம் நம் பிள்ளையின் தட்டுக்கு வந்துசேர நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

எல்லா மாநிலத்திலும் அது வந்துசேரவில்லை. 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிகளில் முட்டை கிடையாது என்று சொல்லிவிட்டார். இங்கேயும் சாதி அடுப்படியை விட்டுப் போகவில்லை. 2018இல் அவினாசி வட்டாரத்தில், அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை தின்னாது என்று சாதி இந்துக்கள் கூடிச் சத்துணவுச் சமையலரை மாற்ற வைத்தார்கள். போராடித்தான் அவரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. 2023இல் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்த சில நாட்களிலேயே எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. காமராசர் தொடங்கிய அதே எட்டயபுரத்துப் பக்கம், 67 ஆண்டுகளுக்குப் பிறகு!

குறைகள் இருந்தாலும், பிள்ளையின் வயிறு பொதுப்பொறுப்பு என்று இந்த மண் ஒப்புக்கொண்டிருக்கிறது. இதை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை மெலிந்தால் அரசு பொறுப்பு என்றால், அதே பிள்ளை பருத்தால் மட்டும் எப்படி அவன் அம்மா பொறுப்பாவாள்?

4

தட்டில் என்ன மாறியது என்று பார்ப்போம். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், வரகுச்சோறு, நத்தை, நண்டு, வயல் எலி, கருவாடு, மாட்டுக்கறி, வரப்பில் பறித்த கீரை: இதுதான் நம்முடைய சாப்பாடு. வறுமையின் சாப்பாடுதான், அதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. பல நாள் அதுவும் கிடையாது. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதனால் ரேஷன் அரிசி வந்தபோது அது நமக்கு விடுதலையாகத்தான் தெரிந்தது. 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி. யாரிடமும் கையேந்தாமல் உலை வைக்க முடிந்தது. இதைக் குறை சொல்கிறவன் நம் வீட்டில் ஒருநாள் பட்டினி கிடந்துவிட்டு வந்து பேசட்டும்.

ஆனால் அரிசி வந்த வேகத்தில் பருப்பு வரவில்லை. கேழ்வரகு வயலிலிருந்தும் போயிற்று, அடுப்பிலிருந்தும் போயிற்று. பூச்சிமருந்து வயலில் நத்தையையும் நண்டையும் தேடிப் போகமுடியாது. மாட்டுக்கறியை முதலில் கேவலம் என்றார்கள். பிறகு குற்றம் என்றார்கள். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்பதைத் தடுக்க விதி போட்டது. மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளைதான் தடை கொடுத்து நிறுத்தியது. ஏழைக்குக் கட்டுப்படியான புரதம் எது எதுவோ, அது அதன்மேல்தான் சைவத்தின் கை விழுகிறது.

புரதம் போன இடத்தை எண்ணெயும் சர்க்கரையும் நிரப்பின. 1994இல் பாமாயில் இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். இன்று உலகிலேயே அதிகமாகப் பாமாயில் வாங்கும் நாடு இந்தியா. 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையிலும் அது சேர்ந்தது. மண்சட்டியில் சொட்டு எண்ணெய் விட்டுத் தாளித்த வீட்டில் இன்று பிள்ளைக்கு வடையும் அப்பளமும் பொரிக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. மாவும் எண்ணெயும் சர்க்கரையும் மட்டும் கூடி, பருப்பும் முட்டையும் கறியும் கீரையும் கூடாத தட்டில் வயிறு நிறையும், உடம்பு கட்டாது. குட்டையான பருமனும் இரத்தச்சோகையும் ஒரே பிள்ளையிடம் சேருவது இப்படித்தான்.

தின்றதை எரிக்க ஓடவேண்டும். எங்கே ஓடுவது? ஊரின் மைதானம் சேரிப் பிள்ளைக்குச் சொந்தமாய் இருந்ததில்லை. நகரத்தில் இன்னும் மோசம். சென்னையின் கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து பிடுங்கப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதில் பெரும்பகுதி நம் சனம். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்கு. வேலைக்குப் போகிற அம்மா, வெளியே விட்டால் பயம் என்று பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். கையில் போனும் பக்கத்தில் பாக்கெட்டும் இருந்தால்தான் அந்தப் பிள்ளை அவள் வரும்வரை உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பணக்காரர் வளாகத்தில் சறுக்குமரமும் நீச்சல்குளமும் இருக்கின்றன. வாசலில் காவலாளியும் இருக்கிறான். விளையாட்டு இப்போது சொத்து வைத்திருப்பவன் வாங்கும் சரக்கு.

5

அந்தப் பாக்கெட்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். நம் தரப்பில் யாரும் இதைச் சரியாகப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

1977இல் நாட்டைவிட்டுப் போன கோக்கோ கோலா 1993இல் திரும்பி வந்தது. பெப்சி 1990இலேயே வந்துவிட்டது. தாராளமயம் என்றார்கள். பிறகு சீவலும் நூடுல்சும் கிரீம் பிஸ்கெட்டும் வந்தன. முழுப் பாக்கெட் வாங்க வக்கில்லாதவனுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்ச் சின்னப் பாக்கெட் போட்டார்கள். கூலிக்காரனின் பையிலிருக்கும் சில்லறையை அளந்து தைத்த பை அது. டெம்பிள் தானியத்தை நிறுத்ததைப் போலவே கம்பெனியும் ஏழையை நிறுத்துப் பார்த்திருக்கிறது. அவர் எவ்வளவு குறைவாகப் போடலாம் என்று பார்த்தார். கம்பெனி எவ்வளவு சின்னதாக விற்கலாம் என்று பார்க்கிறது.

ஆனால் நம் பிள்ளைக்கு அந்தப் பாக்கெட் வெறும் நொறுக்கல்ல. டீக்கடையில் தனிக் குவளை. மளிகைக் கடையில் கைபடாமல் எட்ட நின்று போடும் மிட்டாய். ஊர் அடுப்பில் சமைத்த எதுவும் நமக்கு வரும்போது ஒரு சாண் உயரத்திலிருந்துதான் விழுந்திருக்கிறது. பாக்கெட்டுக்குத் தீட்டு கிடையாது. எவன் கை பட்டது என்று அது கேட்பதில்லை. ஊர்ப்பிள்ளை கையிலிருக்கும் அதே மினுமினுப்பு, அதே படம், அதே உப்பு, ஐந்து ரூபாயில் சேரிப் பிள்ளையின் கைக்கும் வருகிறது. நாக்கு ருசி மட்டுமல்ல அது, சமத்துவத்தின் ருசி. தொலைக்காட்சியில் கிரிக்கெட்காரன் தின்கிறதை நானும் தின்கிறேன் என்ற பெருமை. நம் சனத்தின் சுயமரியாதைப் பசியைக் காசாக்கத் தெரிந்தவர்கள் கம்பெனிக்காரர்கள்.

அந்த ஐந்து ரூபாய்ச் சமத்துவமும் எவ்வளவு மெல்லியது என்பதை 2022 செப்டம்பரில் பார்த்தோம். சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் மிட்டாய் வாங்க வந்த தலித் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பியனுப்பினார். அதை அவரே படமெடுத்து வெளியிட்டார். நாடே பார்த்தது. வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். கையில் காசோடு வந்து வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பிள்ளைகளிடம் போய், மிட்டாய் உடம்புக்குக் கெடுதி என்று எந்த டாக்டர் சொல்ல முடியும்? முதலில் வாங்கும் உரிமை. அதற்குப் பிறகுதான் எது நல்லது எது கெட்டது என்ற பேச்சு. இந்த வரிசையை மாற்றிப் பேசுகிற சுகாதாரப் பிரச்சாரம் நம் காதில் இன்னொரு ஊர்க்கட்டுப்பாடாகத்தான் விழும்.

6

இப்போது பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். 2015இல் அமெரிக்காவில் ஒரு சங்கதி அம்பலமானது. உடல் பருப்பதற்குத் தின்பதைவிட உடற்பயிற்சி இல்லாததே காரணம் என்று சில பேராசிரியர்கள் ஓர் அமைப்பு வைத்துப் பேசிவந்தார்கள். அந்த அமைப்பைத் தொடங்கக் கோக்கோ கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு அந்த ஆண்டு முடிவிலேயே அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். நீ குண்டாவதற்கு நீ ஓடாததுதான் காரணம். நான் விற்றது காரணமில்லை. இந்த வாக்கியத்தின் விலைதான் 15 லட்சம் டாலர்.

நமக்கு இந்த வாதம் புதிதல்ல. நீ சேரியில் பிறந்தது உன் முன்வினை, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொன்ன பார்ப்பனியம் காசு செலவில்லாமலேயே இதை நம்ப வைத்தது. கம்பெனியின் தத்துவமும் கர்மத் தத்துவம்தான். போன பிறவி வினைக்குப் பதில் போன வேளைத் தீனி என்று மாற்றிக்கொண்டால் சரியாகப் பொருந்தும். இரண்டிலும் பாதிக்கப்பட்டவனே குற்றவாளி. இரண்டிலும் அடுப்படியில் நிற்கிற பெண் இரட்டைக் குற்றவாளி. பிள்ளை மெலிந்தால் “பால் கொடுக்கத் துப்பில்ல”, பருத்தால் “கண்டதையும் வாங்கிக் குடுத்துக் கெடுத்துட்டா.”

அரசும் இந்தப் பேச்சைத்தான் பேசுகிறது. 2025இல் பிரதமர் உடற்பருமனைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கு வீடு எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். அதே ஆண்டு மே மாதம் மத்தியக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பிஸ்கெட், சாக்லேட், ஐஸ்கிரீம், பாக்கெட் நொறுக்கு வகைகளின் வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். எண்ணெயைக் குறைக்க வேண்டியது நீ. வரியைக் குறைத்துக்கொள்வது அவன். சர்க்கரை போட்ட பானத்துக்கு மட்டும் 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள். வரியால் தடுக்க முடியும் என்று அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வேறு நாடுகள் என்ன செய்தன? சிலி 2012இல் சட்டமியற்றி 2016இல் நடைமுறைப்படுத்தியது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிஞ்சிய பாக்கெட்டின் முகத்தில் எண்கோணக் கறுப்பு முத்திரை. அப்படிப்பட்ட பாக்கெட்டில் பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மை கூடாது. பள்ளிக்குள் விற்கவும் கூடாது. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. 2025இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் நொறுக்குத் தீனி விற்பதைத் தடுத்தது. இவை பிள்ளைக்குப் புத்தி சொல்லவில்லை. விற்கிறவன் கையைப் பிடித்தன. இங்கே 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி போட்டது: பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இத்தகைய தீனியை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள், அந்த 50 மீட்டர் எங்கே இருக்கிறதென்று. பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை போடுவதற்குப் பதிலாக நட்சத்திர மதிப்பெண் போடலாம் என்று 2022இல் ஒரு வரைவு கொண்டுவந்தார்கள். விஷத்துக்கும் அரை நட்சத்திரம் கிடைக்குமல்லவா?

7

தோழர்களே, பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய பேச்சு மருத்துவமனைக்குள்ளும் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளும் முடிந்துவிடக்கூடாது. அது நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் வரவேண்டும். நிலம், கூலி, இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்பு என்று பேசுகிற மேடையில் தட்டும் மைதானமும் இடம்பெற வேண்டும்.

கர்ப்பிணிக்கு வேலையில்லாத நாளிலும் கூலியும் சத்தான சாப்பாடும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். ரேஷனில் அரிசிக்குச் சமமாகப் பருப்பும் கேழ்வரகும் வேண்டும். சத்துணவில் முட்டையின்மேல் எந்தச் சைவக் கையும் விழவிடக்கூடாது. சமைக்கும் தலித் பெண்ணின் வேலைக்கு அரசே அரணாக நிற்க வேண்டும். சேரிக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கும் மைதானம் சட்டப்படி ஒதுக்க வேண்டும். 50 மீட்டர் விதியைக் கம்பெனிமேல் நடைமுறைப்படுத்த வேண்டும். பள்ளி வாசலில் கொடுக்காப்புளியும் அவித்த கடலையும் விற்கிற கிழவியை விரட்டுவதற்கு அதைச் சாக்காக்கக்கூடாது. பாக்கெட்டின்மேல் எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாவுக்கும் புரிகிற கறுப்பு முத்திரை வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக, பருத்த பிள்ளையை நாமே கேலி பேசுவதை நிறுத்த வேண்டும். நம் தெருக்களிலும் ‘குண்டுப் பயல்’, ‘பூசணி’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறோம். உடம்பை வைத்து ஆளை இறக்குவது சாதி நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். கறுப்பு, குட்டை, சப்பை மூக்கு என்று நம்மைச் சொன்னவர்களின் அதே வாய் அது. அந்தப் பிள்ளையின் உடம்பில் சேர்ந்திருப்பது அவனுடைய பேராசையல்ல. அவன் ஆயாவின் பட்டினி அதில் இருக்கிறது, அவன் அம்மாவின் இரத்தச்சோகை இருக்கிறது, சர்க்கார் அளந்து போட்ட அரிசி இருக்கிறது, கம்பெனி அளந்து தைத்த பை இருக்கிறது, அவனை உள்ளே விடாத மைதானத்தின் கதவும் இருக்கிறது.

“கொழுப்பெடுத்துப் போச்சு” என்று இனி எவனாவது சொன்னால், யார் ஊட்டிய கொழுப்பு என்று திருப்பிக் கேட்போம். கணக்கை நம்மிடம் கேட்காதே, விற்றவனிடமும் ஆண்டவனிடமும் கேள் என்போம்.